கராம்புத் தண்ணி

காத்தான்குடிக்கு வந்து ஹிதாயா டீச்சரின் வீடு எது என்று கேட்டால் எந்த ஹிதாயா என்பார்கள். பல்லு டீச்சர் என்று கேளுங்கள், சின்னப் பிள்ளையும் கை காட்டும். பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறேன். நான் போன புதிதில் பிள்ளைகளின் சாப்பாட்டுப் பெட்டிகளைத் திறந்தால் கிறீம் பிஸ்கட்டும் கலர் கலரான டொபியும்தான். எல்லாவற்றையும் நிறுத்தினேன். ஒரு நாள் அவித்த பயறு, ஒரு நாள் கொய்யாப்பழம், ஒரு நாள் வெள்ளரிக்காயும் கரட்டும், ஒரு நாள் கிரான் பக்கமிருந்து வருகிற சட்டித் தயிர், அதுவும் சீனி போடாமல்.

"சீனி இல்லாம தயிர ஆரு டீச்சர் தின்பாங்க?" என்று ஒரு தாய் சண்டைக்கு வந்தாள்.

"எருமை என்ன சீனி போட்டா தந்த?" என்றேன். அதோடு அடங்கினாள்.

கலியாண வீடுகளில் என்னைக் கண்டால் இனிப்பு வட்டிலப்பத் தட்டை முந்தானைக்குள் மறைக்கிற மாதிரி நடித்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். மென்று தின்கிற சாப்பாடு எச்சிலை ஊறவைத்துப் பல்லைக் கழுவும், இனிப்பு ஒட்டிக்கொண்டு நின்று அரிக்கும். இதில் பகிடிக்கு என்ன இருக்கிறது?

ஊருக்கே சொல்கிறவள் என் பிள்ளையைச் சும்மா விடுவேனா? நஸ்ஹாவுக்கு நாலு வயது இன்னும் நிறையவில்லை. ஒன்றரை வயதிலேயே சூப்பிப் போத்தலை நிறுத்திக் கோப்பையில் பால் குடிக்கப் பழக்கிவிட்டேன். முருங்கை இலைச் சுண்டலும் முள்ளோடு மென்று தின்னக்கூடிய நெத்தலியும் அவளுக்குப் பழக்கம். அவளுடைய வாப்பா சரீப் கட்டாரிலிருந்து ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்தனுப்பும் சொக்லட்டெல்லாம் என் அலுமாரிக்கு மேல் ஏறி, அங்கிருந்து வருகிறவர் போகிறவர் கைக்கு மாறிவிடும். காலையும் இரவும் நானே அவளுக்குப் பல் தீட்டிவிடுவேன். பெருமையாகத்தான் சொல்கிறேன். அந்தப் பெருமையைத்தான் பிடுங்கி எடுத்தார்கள்.

எங்கள் ஊரில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். உம்மா மௌத்தாகுமுன் தன் காணியை இரண்டாக்கி, மூத்தவள், என் ராத்தா உம்மு குல்தூமுக்கு ஒரு வீடும் எனக்கு ஒரு வீடும் என்று வைத்துவிட்டுப் போனார். நடுவில் மதில் எழும்பியது, ஆனால் மதிலில் ஒரு சின்னக் கதவும் வைத்தோம். தெருவில் இறங்காமல், தலையில் முக்காடு போடாமல் ராத்தா இங்கே வருவார், நான் அங்கே போவேன். அந்தக் கதவுக்குப் பூட்டு என்று ஒன்று வாங்கியதே இல்லை.

ராத்தா என்னிலும் பத்து வயது மூத்தவர். உம்மா நோயில் கிடந்த காலத்தில் எனக்குத் தலை வாரி, சோறு ஊட்டி, பரீட்சைக்குப் பக்கத்திலிருந்து படிப்பித்தது அவர்தான். அவருக்குப் பிள்ளை இல்லை. கொழும்பு வரைக்கும் போய்ப் பார்த்தார்கள், கிடைக்கவில்லை. நஸ்ஹா பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் அவளை முதலில் கையில் வாங்கியது ராத்தா. வாங்கிக்கொண்டு அழுத அழுகையில் நானும் அழுதேன்.

பின்னேரங்களில் என் வீட்டில் புலமைப்பரிசில் வகுப்பு. ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் வாசல் நிறைய இருந்து வாய்ப்பாடு சொன்னால் எந்தக் குழந்தை தூங்கும்? பகல் சோற்றைத் தின்றதும் நஸ்ஹா மதில் கதவால் ராத்தாவிடம் போய்விடுவாள். அங்கே ஒரு தூக்கம். வகுப்பு முடிகிற நேரம் முகம் கழுவி, தலை சீவி, வாயும் மணக்க மணக்கத் திரும்பி வருவாள்.

வாய் மணப்பது கராம்பு. ராத்தா கராம்பை அவித்து ஆறவைத்து, அந்தத் தண்ணீரால் அவளைக் கொப்பளிக்க வைத்துத்தான் அனுப்புவார்.

"பல்லுக்கும் முரசுக்கும் நல்லமாம். நீதானே பல்லு டீச்சர், உனக்குத் தெரியாதா?" என்றார் ஒரு நாள்.

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அவரையும் கூட்டிப்போய்த் தாய்மார் கூட்டத்தில்கூடச் சொன்னேன், என் ராத்தாவைப் பார்த்துப் படியுங்கள் என்று. அதை இப்போது நினைத்தால் யார் முகத்தில் காறித் துப்புவது என்று தெரியவில்லை.

நஸ்ஹாவின் மேல்பல்லில், பல் முளைத்து நிற்கிற முரசுச் சதையை ஒட்டி, மண்ணிறமாக ஒரு கோடு விழுந்திருந்ததை நான் காணாமல் இல்லை. கண்டேன். அவள் குடித்துக்கொண்டிருந்த இரும்புச்சத்து மருந்தின் கறை என்று விட்டுவிட்டேன். பிறகொரு நாள் வட்ஸ்அப்பில் வாப்பாவோடு பேசிக்கொண்டிருந்தவள் போனுக்குள் முகத்தைப் புதைத்துச் சிரித்தாள். சரீப்பின் குரல் மாறியது.

"புள்ளட பல்லு ஏன் கறுத்திருக்கு?"

"மருந்துக் கற."

"கறையா? ஓட்ட விழுந்த மாதிரிக் கிடக்கு. ஊருக்கெல்லாம் பல்லுப் பாடம் நடத்துற நீ, வீட்டுல என்னத்தக் குடுக்கிறாய்?"

மறுநாளே அவளைத் தூக்கிக்கொண்டு பல் கிளினிக்குக்குப் போனேன். அங்கே இருந்தவர் களுவாஞ்சிக்குடியைச் சேர்ந்த அஜந்தா டொக்டர். குழந்தையோடு சிரித்துப் பேசி, விரலால் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். பிறகு சிரிக்கவில்லை.

"படுக்கக்குள்ள சூப்பிப் போத்தில் குடுக்கிறீங்களா?"

"இல்ல டொக்டர். அத நிப்பாட்டி ரெண்டு வருஷத்துக்கு மேல."

"இனிப்பு?"

"நான் பாலர் பாடசாலை டீச்சர்," என்றேன், அதுவே போதுமான பதில் மாதிரி.

அவர் என்னைக் கிட்ட வரச் சொன்னார். "இங்க பாருங்க. மேல் முன்பல்லு நாலும் முரசடியில அரிச்சுக் கிடக்கு. கீழ்ப்பல்லப் பாருங்க, பால் வெள்ளை. டொபியும் பிஸ்கட்டும் திண்டு வாற பல்லுச் சூத்தை இப்பிடி வராது. போத்தில வாயில வெச்சிக்கொண்டு நித்திரையானா நாக்கு கீழ்ப்பல்ல மூடிக்கொள்ளும். இனிப்புப் பால் மேல்பல்லுலதான் தேங்கி நிக்கும். நித்திரையில எச்சிலும் பெரிசா ஊறாது, கழுவ ஒண்டுமில்ல."

"நான் குடுக்கல்ல டொக்டர்."

"நீங்க எண்டு நான் சொல்லல்ல. ஆரோ குடுக்கிறாங்க. புள்ள வேற வீட்டுல நிக்கிறதா?"

"வெள்ளிக்கிழமையில மாமி வீட்ட, அவள்ட வாப்பாட உம்மா வீட்ட போவாள். வேற வீடு ஒண்டுமில்ல."

நான் பொய் சொல்லவில்லை. ராத்தாவின் வீட்டை வேறு வீடு என்று நினைக்க எனக்குத் தெரியாது. எங்கள் ஊரில் எந்தத் தங்கச்சியைக் கேட்டிருந்தாலும் இந்தப் பதிலைத்தான் சொல்லியிருப்பாள்.

அன்று பின்னேரம் ராத்தாவின் குசினியில் இருந்து அழுதேன். அவர் முருங்கை இலை உருவிக்கொண்டிருந்தார்.

"பால்பல்லுதானே, விழுந்து முளைக்கிற சாமான். டொக்டர்மார் சும்மா பயங்காட்டுவாங்க," என்றார்.

"பால்பல்லு அழுகினா அடியில இருக்கிற பல்லும் பழுதாகுமாம் ராத்தா. ஆரோ போத்தில் குடுக்கிறாங்களாம்."

ராத்தாவின் கை நின்றது. பிறகு மறுபடி இலையை உருவத் தொடங்கியது. "வெள்ளிக்கிழமையில உன்ட மாமி என்ன குடுக்கிறாவோ, ஆரு கண்ட?"

அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அந்த ஒன்று போதுமாக இருந்தது.

வந்த வெள்ளிக்கிழமை மாமி வீட்டுக்குப் போய், மச்சிமார் எல்லோரும் இருக்க, வாய்க்கு வந்தபடி பேசினேன். என் பிள்ளையின் வாயை அழுகவைத்தது நீங்கள்தான் என்றேன். போத்தலை எங்கே ஒளித்து வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டு, குசினி ராக்கையைக்கூடக் கிளறினேன். மாமி பாயில் இருந்தபடி என்னையே பார்த்தார்.

"நான் குடுக்கிற சோறும் மீனும்தான் புள்ள. அதுவும் உனக்குப் புடிக்கல்லாட்டி குடுக்கல்ல," என்றார்.

அத்தோடு வெள்ளிக்கிழமைப் பயணம் நின்றது. சரீப் போனில் கத்தினார், பிறகு போன் எடுப்பதையே குறைத்தார். நான் இதையெல்லாம் ராத்தாவிடம் சொல்லிச் சொல்லி அழுவேன். அவர் என் முதுகைத் தடவிவிடுவார். "விடுடி, அதுகளுக்கு உன்ட அருமை தெரியாது," என்பார். பின்னேரமானால் நஸ்ஹா கராம்பு மணக்கத் திரும்பி வருவாள்.

கொஞ்ச நாளில் அவளுடைய முரசில், ஒரு பல்லுக்கு மேலே, சின்னக் கொப்புளம் மாதிரி வீங்கிச் சீழ் கட்டியது. இரவெல்லாம் காய்ச்சல். மறுபடி அஜந்தா டொக்டரிடம் ஓடினேன்.

"ரெண்டு பல்லு களட்டத்தான் வேணும். மருந்து தாறன், வீக்கம் வத்தட்டும்," என்றார். பிறகு கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "டீச்சர், இது கூடிக்கொண்டு போகுது. போத்தில் இன்னும் நிக்கல்ல."

நிற்கவில்லையா? வெள்ளிக்கிழமைதான் நின்றுவிட்டதே! டொக்டருக்கு என் மேல் நம்பிக்கை இல்லை, என்னைப் பொய்க்காரி என்று நினைக்கிறார் என்று எனக்குக் கோபம் பொங்கியது. கோபத்தோடேயே வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த நாள் நல்ல மழை. வாவிப் பக்கத்து ஒழுங்கைகளில் தண்ணீர் ஏறிவிட்டது என்று வகுப்புப் பிள்ளைகள் ஒருவரும் வரவில்லை. வீடு அமைதியாகக் கிடந்தது. இப்படிக் கிடைக்கிற நேரத்தில் மகளைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு படுக்கலாமே என்று ஆசை வந்தது. குடையும் பிடிக்காமல் மதில் கதவால் ராத்தா வீட்டுக்கு ஓடினேன்.

முதலில் வந்தது கராம்பு வாசம். குசினியில் சின்னச் சட்டியில் அது கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் சீனி போட்டுக் காய்ச்சிய கெட்டிப்பால் அடைத்த ஒரு டின்பால் டின், எறும்பு ஏறாமல் தண்ணீர்க் கோப்பைக்குள் வைத்திருந்தது. நான் அந்த டின்னைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ராத்தா வீட்டில் யாருக்கும் டின்பால் பிடிக்காது. ராத்தாவின் புருஷன் மஜீட் மச்சானுக்குச் சீனி வருத்தம், அவருக்குப் பிளேன்டீகூடச் சீனி போடாத வெறும் பிளேன்டீதான்.

அறைக்குள் ராத்தா கட்டிலில் சாய்ந்திருந்தார். நஸ்ஹா அவருடைய மடியில், கண் பாதி மூடி, இரண்டு கையாலும் போத்தலைப் பிடித்துக்கொண்டு சூப்பிக்கொண்டிருந்தாள். கெட்டியான, மஞ்சள் ஓடிய பால். மருந்து குடித்து வீக்கம் வற்றிவருகிற அதே வாய். ராத்தா அவளுடைய நெற்றி மயிரை ஒதுக்கிவிட்டுக்கொண்டு ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் எவ்வளவு சந்தோஷமாக இருந்தார்கள் என்பதையும் நான் பார்த்தேன். அதைப் பார்க்காமல் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

நான் போத்தலைப் பிடுங்கினேன். நஸ்ஹா வீரிட்டாள்.

"கராம்பு பல்லுக்கா ராத்தா?" என்று கேட்டேன்.

அவர் அழுகிற பிள்ளையை நெஞ்சோடு அணைத்தார்.

"உண்மையச் செல்லுங்க. பல்லுக்கா?"

"பால் வாசம் போறதுக்கு," என்றார்.

தாய்மார் கூட்டத்தில் நான் புகழ்ந்து பேசியதும், ராத்தா பக்கத்திலிருந்து தலை குனிந்து சிரித்ததும் கண்முன் வந்தது. எவ்வளவு நாளாக? எவ்வளவு பின்னேரங்களாக என் பிள்ளையின் வாயைக் கழுவிக் கழுவி எனக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்?

"ஏன்?" என்றேன்.

"போத்தில் இல்லாட்டி அவள் என்னட்டப் படுக்கமாட்டாள். உம்மா, உம்மா எண்டு கதவடியில போய் நிப்பாள். போத்திலக் கண்டா ஓடிவந்து மடியில ஏறுவாள்." ராத்தா அழத் தொடங்கினார். "நீ புள்ளைக்கு எல்லாம் குடுக்கிறாய். நான் என்னத்தக் குடுக்கிற? அவிச்ச பயறா?"

"மாமிட பேரச் செல்லக்குள்ள உங்கட நாக்குக் கூசல்லியா?"

"நீ கண்டுபுடிச்சா கதவச் சாத்திருவாய் எண்டு பயந்தன்டி."

"பல்லு அழுகிற எண்டு நான் உங்கட முன்னுக்கிருந்து அழக்குள்ள? முரசுல சீழ் புடிச்சுக் காய்ச்சல்ல அவள் அனுங்கக்குள்ள? அப்பவும் குடுத்தீங்களா?"

"அப்பதான் கூடக் கேட்டு அழுதாள்," என்றார் ராத்தா.

இதற்கு மேல் என்ன கேட்க? வேறு யாராவது செய்திருந்தால் சண்டை பிடித்துத் தீர்த்திருப்பேன், ஊரைக் கூட்டியிருப்பேன். இது என்னை வளர்த்த கை. கதறுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மழைக்குள் வந்தேன். அன்று மாலையே பூட்டு வாங்கி, மதில் கதவைப் பூட்டினேன்.

மாமியிடமும் போனேன். மன்னிப்புக் கேட்டேன், காலைப் பிடிக்காத குறையாக. அவர் எழுந்து பிளேன்டீ ஊற்றித் தந்தார். எல்லா நாளும் கலந்து தருகிற சீனியை அன்று தனியாக ஒரு கிண்ணத்தில் வைத்துத் தந்தார். நான் அதைத் தொடாமல் கசக்கக் கசக்கக் குடித்துவிட்டு வந்தேன்.

நஸ்ஹா நாளெல்லாம் பூட்டிய கதவடியில் போய் நின்றாள். அங்கே நின்று முன்பு என்னைக் கேட்டு அழுதவளாம். இப்போது ராத்தாவைக் கேட்டு அழுதாள். "பெரியும்மா! பெரியும்மா!" மதிலுக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை, ஆனால் ராத்தா அங்கே நிற்கிறார் என்று எனக்குத் தெரியும். கதவடியின் இடைவெளியில் அவருடைய செருப்பு தெரிந்தது.

பல் கழற்றுகிற நாள் வந்தது. சாய்வுக் கதிரையைக் கண்டதும் நஸ்ஹா என் கழுத்தை நெரித்துக்கொண்டு தொங்கினாள். என் மடியில் வைத்துப் பிடிக்கச் சொன்னார் அஜந்தா டொக்டர். பிடித்தேன். அவள் என் கையைக் கடித்தாள், அழுகிய அந்தப் பல்லாலேயே. வாயைத் திறக்க மாட்டேன் என்று இறுக்கிக்கொண்டு, மூக்கால் அழுதாள். வாயைத் திறந்த ஒரே நேரம் "பெரியும்மா வேணும்" என்று கத்தத்தான்.

"ஆர் அந்தப் பெரியும்மா?" என்றார் டொக்டர்.

"என்ட ராத்தா."

"அவ மடியில இருந்தா திறப்பாளோ?"

நான் பிள்ளையின் கண்ணைத் துடைத்தேன். டொக்டர் என் முகத்தைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கியிருக்க வேண்டும், போத்தல் எந்த வீட்டில் இருந்தது என்பதுகூட.

"டீச்சர், புடிச்சு வெச்சுக் களட்டலாம். ஆனா இண்டைக்கு அப்பிடிச் செஞ்சா இவள் பிறகு ஒருநாளும் வாய் திறக்கமாட்டாள். மத்த ரெண்டு பல்லயும் அடைச்சுக் காப்பாத்தணுமே. கூப்பிடுங்க."

அந்தப் பல் இரண்டுக்காகத்தான் கூப்பிட்டேன். வேறெதற்காகவும் இல்லை. போனில் "கிளினிக்குக்கு வாங்க" என்று மட்டும் சொன்னேன். ராத்தா திரீவீலில் வந்து இறங்கினார். அபாயா பின்முன்னாகக் கிடந்தது. என் முகத்தைப் பார்க்காமல் நேரே போய்க் கதிரையில் இருந்தார். நஸ்ஹா என் கழுத்திலிருந்து கையை எடுத்து அவரிடம் தாவினாள். மடியில் ஏறி, தலையை அவருடைய நெஞ்சில் வைத்து, டொக்டர் சொன்னதும் வாயை ஆவென்று திறந்தாள்.

நான் பஞ்சுத் தட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். ஊசி போட்டபோது ராத்தாதான் நடுங்கினார், பிள்ளை நடுங்கவில்லை. முதல் பல் வந்தது, அடி கரைந்து, ஒரு அரிசியளவுக்குத் தேய்ந்துபோய். ராத்தா அதைக் கண்டு கண்ணை மூடிக்கொண்டார்.

"கண்ணத் துறந்து பாருங்க," என்றேன்.

திறந்தார். இரண்டாவதையும் பார்த்தார்.

எல்லாம் முடிந்து, பஞ்சைக் கடித்துக்கொண்டு இருக்கச் சொல்லிவிட்டு டொக்டர் கை கழுவப் போனார். இனிமேல் தயிரும் நசித்த பழமும் கொடுக்கலாம், சூடாக வேண்டாம் என்று அங்கிருந்தே சொன்னார். புதுப் பல் முளைக்க ஏழெட்டு வயதாகும் என்றார். நான் பிள்ளையை வாங்கக் கையை நீட்டினேன். நஸ்ஹா என்னைப் பார்த்தாள். கோபமாக இல்லை, பயமாக. ஏதோ பிழை செய்துவிட்டு அகப்பட்ட பிள்ளை பார்க்கிற மாதிரி.

பிறகு திரும்பி, இரத்தம் ஊறிய பஞ்சை வாயில் வைத்துக்கொண்டே, ராத்தாவின் காதுக்குள் இரகசியம் சொன்னாள். இரகசியம் சொல்லுகிற வயதா அது? எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"நான் உம்மாட்ட ஒண்டும் செல்லல்ல, பெரியும்மா. உம்மாவாத்தான் வந்து கண்டுட்டா."